சோளகப் பொத்தான்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வைகாசி மாதம், மன்னாரில் சோளகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, எழும்பிய கிழமைகளில் நடந்தது இது. எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். என் கணவருக்கு வரிக்கு வரி பாடம். நான் தொடங்கியதும் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். அதனால் இப்போது உங்களைப் பிடித்திருக்கிறேன்.

மன்னாரில் ஓர் அரச கந்தோரில் நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். எந்தக் கந்தோர் என்று மட்டும் கேட்காதீர்கள். சொந்த ஊர் எருக்கலம்பிட்டி. காலையில் ஸ்கூட்டியில் ஏறினால், டவுனுக்குள் கழுதைகள் மறிக்காவிட்டால், இருபது நிமிடத்தில் கதிரையில் இருப்பேன். மறித்தால் அவை விலகுகிற மட்டும் நிற்க வேண்டியதுதான். மன்னார்க் கழுதைக்கு ஹோர்ன் சத்தம் தாலாட்டு.

கந்தோரில் என் வேலை தரவு. எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, எதில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்று எல்லாம் அலுமாரிக்குள் ஃபைல் ஃபைலாக இருந்தன. மேலிடத்திலிருந்து ஒரு விபரம் கேட்டால், அந்த அலுமாரியின் திறப்பைத் தேடவே அரை நாள் போகும். மென்பொருள் வாங்கித் தாருங்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்பில் 'ஓப்பன் சோர்ஸ்' கருவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடி எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருள்கள். வரைபடம்கூட அப்படி ஒன்று இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஒழுங்கையைக்கூட அதில் வரைந்து வைத்திருந்தார். அன்று முழுக்க அந்த ஒழுங்கையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் வீடியோ பார்த்துப் படித்தேன். விழுந்து எழும்பினேன். முதல்முதலாக மன்னார்த் தீவு என் திரையில் விரிந்து, ஒரு கிராமத்தைத் தொட்டதும் அதன் குடும்ப எண்ணிக்கையும் கிணறுகளும் சின்னப் பெட்டியாக மேலே எழும்பிய அன்று, நான் கதிரையை விட்டு எழும்பிக் கை தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் சம்பளம் கூட்டிவிட்டார்களாக்கும் என்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. எங்கட ஊரை அமத்துங்கோ, என்ர ஊரை அமத்துங்கோ என்று என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தண்ணீர் பவுசரில் கை வைத்தேன்.

கோடை வந்தால் எங்கள் கரையோரக் கிராமங்கள் பலவற்றுக்குக் குடிதண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில்தான் போகும். பவுசர்களும் கொஞ்சம், டீசலும் கொஞ்சம். எந்த நாள், எந்த ஊர், எத்தனை நடை என்பதை ஒரு படமாகப் போட்டேன். ஒவ்வோர் ஊரும் ஒரு வட்டம். குடும்பம் கூடினால் வட்டம் பெரிது. சாரதி தண்ணீர் ஊற்றிவிட்டுத் தன் ஃபோனில் ஒரு தட்டுத் தட்டினால் என் திரையில் அந்த வட்டம் சிவப்பிலிருந்து பச்சையாக மாறும். படத்தில் இல்லாத இடத்தில் பவுசர் நிற்கக் கூடாது என்றும் ஒழுங்கு செய்தேன். நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். மேலதிகாரி பார்த்துவிட்டு, "வெரி குட்" என்றார். எங்கள் சேர் அந்தச் சொல்லை லேசில் செலவழிக்கிறவர் இல்லை.

இதற்கு வேண்டிய பழைய விபரங்களை ரன்னிங் சார்ட்டிலிருந்துதான் எடுத்தேன். அரச வாகனம் அன்றன்று எங்கே ஓடியது என்று சாரதி எழுதி வைக்கிற தாள்கள் அவை. பல வருடத்துத் தாள்களை ஒரு மாதம் குந்தியிருந்து கணினியில் ஏற்றினேன். கடைசி நிரலின் தலைப்பு 'குறிப்பு'. அதில் சாரதி தன் கோழிக் கிறுக்கலில் சில நாள் ஏதோ எழுதியிருப்பார், பல நாள் வெறுமையாக விட்டிருப்பார். இப்படி அரைகுறையான நிரல் ஒன்று என் அழகான அட்டவணைக்குள் எதற்கு என்று அதை ஏற்றாமலே விட்டேன். தரவைச் சுத்தம் செய்வது என்று இதற்குப் பெயர். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரதி அண்ணர் அந்தப் பவுசரில் இருபது வருடத்துக்கு மேல் இருப்பவர். ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம். படத்தை அவருடைய ஃபோனில் போட்டுக் கொடுத்தபோது தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"சோளகத்துக்கு வேற ஓட்டமெல்லோ மிஸ்," என்றார்.

"அதெல்லாம் படம் பார்த்துக்கொள்ளும் அண்ணர். நீங்கள் அது சொல்ற பாதையில போங்கோ," என்றேன். நான் அப்போது வேறு ஏதோ நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது பாருங்கோ," என்று அவர் முணுமுணுத்தது கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. புதிதாக எது வந்தாலும் இவர்களுக்குப் பிடிக்காது என்று மனதுக்குள் திட்டினேன். அவரும் ரோசக்காரர். "சரி மிஸ், படம் சொல்ற மாதிரியே ஓடுறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன மாதிரியே ஓடினார், ஓர் அங்குலம் விலகாமல்.

சோளகம் தொடங்கி இரண்டு கிழமை இருக்கும். பொதுமக்கள் கந்தோருக்கு வருகிற நாள் அது. என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து இருந்தார். முப்பது வயது இருக்கும். தோளில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று சோர்ந்துபோய்ச் சாய்ந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மிஸ், எங்களுக்குத் தண்ணி வரேல்லை. பத்து நாளாச்சு."

எந்த ஊர் என்று கேட்டேன். தீவுக்குத் தெற்கே, அரிப்பு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்தைச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. படத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டதே! திரையை அவர் பக்கம் திருப்பி, அவருடைய ஊரை அழுத்தினேன். பச்சை. நேற்றும் பவுசர் போயிருக்கிறது, முந்தநாளுக்கு முதல் நாளும் போயிருக்கிறது. பாருங்கோ அக்கா, ஊற்றின நேரம்கூடப் பதிந்திருக்கிறது என்றேன். அதைச் சொன்னபோது எவ்வளவு மிதப்பு என் குரலில்!

அவர் சண்டை பிடிக்கவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அங்க இப்ப ஆர் மிஸ் இருக்கினம்? வயசு போனவையும், பள்ளிக்கூடப் பிள்ளையள் கொஞ்சமும். உங்கட தண்ணி தாங்கி நிரம்பி வழியுதாம். ஆடு குடிக்குதாம்." பிறகு விரலை நீட்டி, தீவின் வடக்குக் கரையில் ஒன்றுமில்லாத மணல் திட்டு ஒன்றைத் தொட்டார். "நாங்கள் இஞ்ச இருக்கிறம். இதை அமத்துங்கோ."

அழுத்தினேன். சின்னப் பெட்டி எழும்பியது. அதில் இருந்தது இரண்டே சொல்: தரவு இல்லை.

அதை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். "நாங்கள் இல்லையா மிஸ்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

எனக்கு முகம் சுட்டது. ஏனென்றால் அந்த மணல் திட்டு எனக்குத் தெரியாத இடமில்லை. எங்கள் ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான். சோளகம் அடித்தால் தெற்குக் கடல் கொந்தளிக்கும். அந்தப் பக்கத்து மீனவர்கள் வலை, வள்ளம், சட்டி, பானை, பிள்ளை குட்டியோடு வடக்குக் கரைக்கு வந்து கிடுகுக் குடில் போடுவார்கள். வாடி என்று சொல்வோம். வாடைக்காற்று எழும்பினால் இந்தப் பக்கம் கடல் கெடும், அவர்கள் குடிலைக் கழற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள். வருடா வருடம் நடக்கிற காரியம். சோளகக் காலம் முழுக்க என் உம்மா வாங்குகிற மீன் அந்த வாடி மீன்தான். அந்த மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் நான் அவர்கள் இல்லாத படத்தைப் போட்டிருந்தேன்.

என்னிடம் இருந்தது குடும்பப் பதிவு. பதிவில் அவர்கள் பன்னிரண்டு மாதமும் ஊரில்தான் இருந்தார்கள். வாடி இருக்கிற பகுதியின் கிராம அலுவலரான விதானையாரிடம் கேட்டால், நீங்கள் என் பிரிவு இல்லை என்கிறாராம். ஊர் விதானையாரிடம் கேட்டால், உங்கள் பெயருக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறாராம். இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதுதான் கொடுமை.

போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். உப்பு. நாக்கில் கரித்தது. வாடியில் தோண்டிய கிணற்றுத் தண்ணீராம். பிள்ளைக்கு ஒரு கிழமையாக வயிற்றோட்டம், ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து நேற்றுத்தான் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிருந்தார்கள். "கொதிச்சாறின தண்ணி மட்டும் குடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். உப்புத் தண்ணியைக் கொதிக்க வைச்சா உப்புத்தானே மிஸ் மிஞ்சும்?" என்றார். மேசைக்கடியில் இருந்த என் தண்ணீர்ப் போத்தலைப் பிள்ளைக்குக் கொடுத்தேன். அது இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது.

போன வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பவுசர்க்கார அண்ணர் கொண்டுவந்து ஊற்றுவார், இந்த முறை கேட்டால் படத்தில் இல்லை என்கிறார் என்றார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. நாளை மறுநாள் கூட்டம். மழை வரும்வரைக்கும் எந்த ஊருக்கு எத்தனை நடை என்று என் படத்தைப் பார்த்து முடிவெடுத்து சேர் கையெழுத்து வைக்கப் போகிறார். வைத்துவிட்டால் பிறகு மாற்றுவது லேசில்லை. வாடிப் பிள்ளைகள் சோளகம் முடியுமட்டும் அந்தக் கிணற்றைத்தான் குடிக்க வேண்டும். "நாளண்டைக்குக் கூட்டத்துக்கு முதல் உங்களைப் படத்தில ஏத்துறன் அக்கா," என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அன்று பின்னேரமே ஸ்கூட்டியை வாடிக்கு விட்டேன். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. ஃபோனில் விபரம் சேர்க்கிற இன்னோர் ஓப்பன் சோர்ஸ் கருவி வைத்திருந்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஒவ்வொரு குடில் வாசலிலும் நின்று, இடத்தைக் குறித்து, எத்தனை பேர், எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று பதிந்தேன். முதல் இரண்டு குடிலில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். வாடியை விட்டு அவர்களை எழுப்ப வந்திருக்கிறேனோ என்று பயம். மூன்றாவது குடிலில் அந்த அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். பிறகு பார்க்க வேண்டுமே! என்னுடைய குடில் எது, கிணறு எங்கே, அது கிணறு இல்லை, வள்ளம் இழுக்கிற இடம், புள்ளியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளுங்கோ என்று பெண்கள் என் ஃபோனுக்கு மேல் குவிந்துவிட்டார்கள். ஒருவர் சொன்ன எண்ணிக்கையை மற்றவர் திருத்தினார். அரை மணித்தியாலத்துக்குள் அவர்களே எனக்குக் கணக்கெடுப்புச் செய்து முடித்தார்கள். புறப்படும்போது அக்கா ஒன்று சொன்னார்: "ஊரில இருக்கிறவைக்கும் தண்ணி வேணும் மிஸ். எல்லாத்தையும் இஞ்சால திருப்பிப்போடாதேங்கோ." எனக்கு அது தோன்றியே இருக்கவில்லை.

மறுநாள் காலை பழைய ரன்னிங் சார்ட்டுகளை மறுபடியும் இறக்கினேன். வாடிக்குத் தண்ணீர் போனதற்குச் சாட்சி வேண்டும், சாட்சி இல்லாமல் சேர் அசைய மாட்டார். 'எங்கே' என்ற நிரலில் ஊர்ப் பெயர்தான் இருந்தது. கடைசி நிரலுக்குப் போனேன். நான் அரைகுறை என்று விட்ட அதே நிரல். கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது: 'சோளகம். கரை மாறி ஊற்றினது.'

முந்தின வருடத் தாளை எடுத்தேன். 'சோளகம். கரை மாறி ஊற்றினது.' அதற்கு முந்தின வருடம், அதற்கும் முந்தின வருடம். பிறகு வருடக் கடைசியில், 'வாடை. ஊருக்கே ஊற்றினது.' காற்று திரும்பிய நாளில் ஒரு தரம் எழுதிவிட்டு, அடுத்த காற்றுவரை வெறுமையாக விட்டிருக்கிறார். அதுதான் அந்த வெறுமை! நான் நிலத்தில் குந்தியிருந்து, தாள்களைச் சுற்றிவரப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். மன்னார்க் கடற்கரையின் காற்று எல்லாம் அந்தக் கடைசி நிரலில் இருந்திருக்கிறது.

சாரதி அண்ணரைக் கூப்பிட்டேன். வந்து வாசலில் நின்றார். "அண்ணர், நான் பிழை விட்டுட்டன். சோளகத்துக்கு வேற ஓட்டம் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் கேக்கேல்லை," என்றேன். மனிதர் வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கீழே இருந்த தாள்களைத்தான் பார்த்தார். "இதை ஆரும் வாசிப்பினம் எண்டு நான் நினைக்கேல்லை மிஸ்," என்றார். பிறகு என் பக்கத்தில் குந்தி, அழிந்துபோன எழுத்துக்களைத் தானே வாசித்துச் சொன்னார். நான் கணினியில் ஏற்றினேன்.

ஏற்றி முடித்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. நான் மாதத்தை வைத்துப் படத்தைப் பிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். வைகாசி முதலாம் திகதி வாடி, அதற்குப் பிறகு இத்தனையாம் திகதி ஊர். ஆனால் தாள்களில் ஒரு வருடம் போல ஒரு வருடம் இல்லை. சில வருடம் காற்று முந்தி வந்திருக்கிறது, சில வருடம் பிந்தி. "காத்துக்குக் கலண்டர் தெரியுமோ?" என்று அண்ணர் சிரித்தார். அப்படியென்றால் மாதம் வேண்டாம், காற்றையே வைப்போம் என்றேன். படத்தின் மேல் மூலையில் ஒரு பொத்தான். ஒரு பக்கம் சோளகம், ஒரு பக்கம் வாடை.

ஓப்பன் சோர்ஸின் அருமை அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு கம்பனியிடம் வாங்கிய மென்பொருள் என்றால், 'காற்றுக்கு ஒரு பொத்தான் போட்டுத் தாருங்கள்' என்று கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் மழை வந்திருக்கும். இதில் நானே உள்ளே புகுந்து போடலாம். போட்டேன். ஆனால் பொத்தானை அமத்தினால் வாடி வட்டம் வந்தது, ஊர் வட்டம் சிறுக்கவில்லை. ஒரே குடும்பம் இரண்டு கரையிலும் நின்றது. மத்தியானம் வரைக்கும் மண்டையை உடைத்தேன். பிறகு அந்தக் கருவியைப் பாவிக்கிறவர்கள் கேள்வி கேட்கிற இணையத்தளத்தில் என் ஓட்டை ஆங்கிலத்தில் பிரச்சினையை எழுதிவிட்டு, ளுஹர் தொழப் போனேன்.

பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் பதில் வந்திருந்தது. எந்த நாட்டவர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு எழுத்தும் இரண்டு இலக்கமும். நான் பிழைவிட்ட வரியைத் திருத்தி அனுப்பியிருந்தார். கீழே, உங்கள் பொத்தானில் எழுதியிருக்கிற இரண்டு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தார். எழுதினேன். தன் ஊரில் ஓர் ஏரி குளிர்காலத்தில் உறைந்து தெருவாகிவிடும், வரைபடத்தில் அது எப்போதும் தண்ணீர்தான், யாரும் இப்படி ஒரு பொத்தான் போடவில்லை, இனி நான் போடப் போகிறேன் என்று பதில் வந்தது. சாரதி அண்ணருக்குச் சொன்னேன். "அங்கயும் ஒரு டிரைவர் எழுதி வைச்சிருப்பான், தேடிப்பாக்கச் சொல்லுங்கோ," என்றார்.

கூட்டத்தன்று படத்தைத் திரையில் விரித்தேன். சேர் பொத்தானைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "அரசாங்கப் படத்தில சோளகம், வாடை எண்டு போடேலுமோ? மாதத்தைப் போடுங்கோ."

"மாதம் சரிவராது சேர்," என்றேன்.

"எண்டா எத்தனையாம் திகதி மாறும்?"

"திகதி இல்லை சேர்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பயம் போய்விடும். ரன்னிங் சார்ட்டுக் கட்டை அப்படியே தூக்கி அவர் முன்னால் வைத்து, கடைசி நிரலைக் காட்டினேன். ஒவ்வொரு வருடமும் காற்று திரும்பிய நாளைச் சாரதி எழுதி, எங்கள் கந்தோரே கையொப்பம் வைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றேன். அந்தக் கையொப்பங்களில் சில சேருடையவை. அவர் தாள்களைப் புரட்டினார், நிறையப் புரட்டினார். பிறகு, "கொண்டாங்கோ, நான் அமத்திப் பாக்கிறன்," என்று மௌஸை வாங்கினார்.

சோளகத்தை அமத்தினார். தெற்குக் கரையில் வட்டம் சிறுத்தது. வடக்குக் கரையின் வெறும் மணலில் ஒரு வட்டம் விரிந்தது. வாடையை அமத்தினார். மணல் வெறுமையானது, ஊர் நிறைந்தது. மறுபடி சோளகம், மறுபடி வாடை. ஏழெட்டுத் தரம் அமத்தியிருப்பார். சனங்கள் கரை விட்டுக் கரை போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"காத்து திரும்பினதை எங்களுக்கு ஆர் சொல்றது?" என்று கேட்டார்.

"வாடியில ஓர் அக்கா இருக்கிறா சேர். காத்து திரும்பினதும் அவ எங்களுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லுவா. அந்தப் பகுதி விதானையார் போய்ப் பார்த்து உறுதிப்படுத்துவார்," என்றேன். அக்காவிடம் நான் அதுவரை கேட்கவே இல்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

சேர் பேனையை எடுத்தார். இரண்டு காற்றுக்கும் இரண்டு பாதை என்று எழுதி, இரண்டிலும் கையெழுத்து வைத்தார்.

அடுத்த நாள் முதல் நடையில் நானும் பவுசரில் ஏறினேன். டவுனில் ஐந்தாறு கழுதைகள் நடுத்தெருவில் நின்றன. அண்ணர் ஹோர்ன் அடித்தார், இறங்கிக் கெஞ்சினார், கடைசியில் ஒரு கழுதைக்கு வாழைப்பழம் கொடுத்து இலஞ்சத்தில் வழி வாங்கினார். வாடி மணலில் பவுசரின் மூக்குத் தெரிந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தன. கானும் வாளியும் பானையும் நீளத்துக்கு வரிசையாகின. அக்கா முதல் வாளியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். அது குடித்துவிட்டு இன்னும் என்று கோப்பையை நீட்டியது. நான் பவுசருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். காற்றில் மணல் விழுந்தது என்று அண்ணரிடம் சொன்னேன். ஓம் மிஸ், இந்தக் காற்று அப்படித்தான் என்றார். பிறகு தன் ஃபோனை நீட்டி, நீங்களே தட்டுங்கோ என்றார். தட்டினேன். அந்த மணல் திட்டு பச்சையானது.

அண்ணர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். என் படத்தில் இன்று 'குறிப்பு' என்று ஒரு நிரல் இருக்கிறது. புதுச் சாரதி அதில் எதையாவது கிறுக்கினால், விளங்கும்வரைக்கும் நான் அவரை விடுவதில்லை. அவருக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்.

வருடத்தில் இரண்டு முறை எனக்கு ஒரு ஃபோன் வரும். இலக்கத்தைப் பார்த்ததுமே எழும்பி நின்றுவிடுவேன். மறுமுனையில் காற்று இரையும். "மிஸ், காத்து திரும்பிட்டுது. அமத்துங்கோ," என்பார் அக்கா. இந்த வருடம் அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை ஃபோனைப் பறித்துவிட்டது. இப்போது அதற்கு ஐந்து வயது, நல்ல வாய். "அமத்தியாச்சோ மிஸ்?" என்று கேட்டது. விதானையார் போய்ப் பார்க்கட்டும், கொஞ்சம் பொறம்மா என்றால் கேட்கிறதா! அவர் உறுதி சொன்ன பிறகு அமத்திவிட்டு, திரும்ப ஃபோன் எடுத்து, ஓம் அமத்திட்டன் என்றேன். "நாங்கள் இப்ப இருக்கிறமோ?" என்று கேட்டது. இருக்கிறீங்கள் என்றேன். எவ்வளவு படித்தாலும், எத்தனை படம் போட்டாலும், ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.